எதிர்பாராத மழை என்றொரு பொய்

மட்டக்களப்பு நகரிலே, வாவியைப் பார்த்தபடி அமைந்த விடுதி மண்டபம் ஒன்றில் நடந்த செயலமர்வுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பத்திரிகையாளனை இத்தகைய கூட்டங்களுக்கு அழைப்பதற்கு இரண்டு காரணங்களே இருக்க முடியும். ஒன்று, நாற்காலிகளை நிரப்ப வேண்டும். மற்றது, நிகழ்ச்சியைப் பற்றி நாலு வரி எழுதுவான் என்ற நம்பிக்கை. நாலு வரியல்ல, நாலு பக்கமே எழுதப் போகிறேன். அழைத்தவர்கள் அதனால் மகிழ்வார்களா என்பது வேறு விடயம்.

திரையில் மட்டக்களப்பு மாவட்டத்தின் படம் ஒன்று காட்டப்பட்டது. 14 பிரதேச செயலாளர் பிரிவுகளும் வெவ்வேறு நிறங்களில் இருந்தன. 2050 ஆம் ஆண்டளவில் மாரி மழை எத்தனை சதவீதத்தால் கூடும் என்று ஒவ்வொரு பிரிவின் மீதும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது, அதுவும் தசமதானத்தோடு. வெல்லாவெளிக்கு ஓர் எண், வாவிக்கு இக்கரையில் உள்ள களுவாஞ்சிகுடிக்கு வேறோர் எண். நான் எழுந்து, இந்த எண்களைத் தந்த கணினி மாதிரியுருவின் கட்டம் எத்தனை கிலோமீற்றர் அகலமானது என்று கேட்டேன். விளக்கமளித்த இளைஞர் நேர்மையானவர். "ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், ஐயா. பிறகு புள்ளிவிபர முறையில் அதைச் சிறிதாக்கியிருக்கிறோம்" என்றார். நான் மேலும் கேட்க வாயெடுத்தபோது தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

எனக்குப் பக்கத்தில் படுவான்கரையிலிருந்து வந்திருந்த முதிய விவசாயி ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் என் காதருகே குனிந்து, "மனே, இந்த வருசம் முகத்துவாரம் எப்ப வெட்டுவாங்க எண்டு இதில போட்டிருக்கா?" என்று கேட்டார்.

அந்த மண்டபத்தில் அன்று கேட்கப்பட்ட ஒரேயொரு நல்ல கேள்வி அதுதான். அதற்கு விடை சொல்ல ஆள் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை மூன்று தரப்பாரோடு வழக்காடுகிறது. தசமதானத்தோடு எதிர்காலத்தை விற்பவர்கள் ஒரு தரப்பு. மாதிரியுரு பிழைக்கிறது, ஆகவே காலநிலை மாற்றமே பொய் என்பவர்கள் மற்றொரு தரப்பு. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் "எதிர்பாராத மழை" என்று அறிக்கை விட்டுக் கையைக் கழுவுகிறவர்கள் மூன்றாந் தரப்பு. மூவரும் ஒருவரோடொருவர் பகைவர்கள் போலத் தோன்றினாலும் ஒரே காரியத்தையே செய்கிறார்கள். வெள்ளத்துக்குப் பொறுப்பானவர் எவருமில்லை என்று நம்மை நம்ப வைக்கிறார்கள்.

முதலில் மாதிரியுருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலண்டனில் இருக்கும் என் மருமகன் சில காலத்துக்கு முன் தொலைபேசியில் பேசினான். "மாமா, இங்கே தொலைக்காட்சியில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று கோடு கீறிக் காட்டுகிறார்கள். அதன்படியே வருகிறது. அங்கே ஏன் முடியவில்லை?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. புலம்பெயர்ந்து குளிர்நாடுகளில் வாழும் வாசகர்கள் பலருக்கும் இந்த ஐயம் இருக்கக்கூடும்.

அவன் கண்ட கோட்டுக்கு முகப்பு என்று பெயர். வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வளித்திணிவும் தெற்கிலிருந்து வரும் வெப்பமான, ஈரமான வளித்திணிவும் சந்திக்கும் எல்லை அது. பாரமான குளிர்வளி கீழே நுழைய, இலேசான வெப்பவளி மேலே தள்ளப்பட்டு, குளிர்ந்து, மழையாகிறது. நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் தலைமையில் இயங்கிய அறிஞர் குழு 1919 ஆம் ஆண்டளவில் இக்கோட்பாட்டை வகுத்தது. முதலாம் உலகப்போர் அப்போதுதான் முடிந்திருந்தது. இரு படைகள் எதிரெதிரே நிற்கும் போர்முனைக்குரிய சொல்லையே அவர்கள் வானத்துக்கும் சூட்டினார்கள். போர்முனை என்றால் என்னவென்று எங்கள் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

முகப்பு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேலும் நீளக்கூடியது. பெரிய பொருளைப் பெரிய கட்டங்களால் பிடிக்கலாம். ஆகவே நூறு கிலோமீற்றர்க் கட்டங்களைக் கொண்ட மாதிரியுரு கூட முகப்புகள் எங்கே தோன்றும், எந்தப் பாதையில் செல்லும் என்பதை ஓரளவு நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அந்த முகப்பு கொட்டும் மழையின் அளவுக்கு வரும்போது கதை மாறுகிறது. ஜெனிபர் காட்டோ என்ற வானிலை ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் உலக மாதிரியுருக்களை இந்த நோக்கில் பரிசோதித்தார்கள். மொத்த முகப்பு மழை ஏறக்குறையச் சரியாக வந்தது. உள்ளே பார்த்தால், மாதிரியுருக்களில் மழை பெய்யும் தடவைகள் மிக அதிகம். பெய்யும் போது அதன் வேகம் மிகக் குறைவு. ஒரு பிழை மறுபிழையை ஈடுசெய்து, கூட்டுத்தொகை சரிபோலத் தோன்றியது.

கடையொன்றில் கணக்குப்பிள்ளை இருக்கிறார். ஒருவரிடம் நூறு ரூபா கூடுதலாக வாங்கிவிட்டார், இன்னொருவருக்கு நூறு ரூபா கூடுதலாகக் கொடுத்துவிட்டார். மாலையில் பெட்டியை எண்ணினால் கணக்குச் சரி. முதலாளி மகிழலாம். பணத்தை இழந்த வாடிக்கையாளன் மகிழ மாட்டான். மழையும் அப்படித்தான். பதினைந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிமீற்றர் பெய்தால் மொத்தம் 300. வேளாண்மைக்கு அது வரம். அதே 300 மில்லிமீற்றர் ஒரே நாளில் பெய்தால் வயலும் இல்லை, வரம்பும் இல்லை. மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இது ஐரோப்பாவின் நிலை. மழைமானிகளும் ராடர்களும் நெருக்கமாக நிற்கும், ஆய்வுக்கு நிதியும் ஆளும் உள்ள நாடுகளில், மாதிரியுருக்கள் மிகவும் திறமையாகக் கையாளும் வகை மழையிலேயே இத்தனை குறை.

எங்கள் மழைக்கு அந்த முகப்பும் இல்லை.

மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும் பங்கு நவம்பர், டிசெம்பர், ஜனவரி ஆகிய மூன்றே மாதங்களில் வந்துவிடுகிறது. ஒக்டோபர், நவம்பரில் அயனத்திடை ஒருங்கல் வலயம் எங்கள் தலைக்கு மேலாகத் தெற்கு நோக்கி நகர்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் பிறந்து சில வேளைகளில் சூறாவளியாகின்றன. டிசெம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்று வலுக்கிறது. நாங்கள் வாடை என்று சொல்லும் காற்று அது. அதனோடு கிழக்கிலிருந்து அலை அலையாகத் தாழமுக்கக் குழப்பங்கள் வரும். சைபீரியக் குளிர் சீனக்கடல் வழியாகத் தெற்கே பாயும் போது, சற்றே குளிர்ந்த வடகீழ்க் காற்றும் ஈரமான கீழைக்காற்றும் ஒரு கோட்டில் நெருக்குண்டு பெருமழை கொட்டும். முகப்புக்குக் கிட்டிய உறவினன் அதுதான். பிலிப்பைன்ஸ் நாட்டு வானிலை அவதானிகள் முன்னர் அதைக் குளிர்முகப்பின் வால் என்றே அழைத்து வந்தார்கள். இப்போது அப்பெயரை விட்டுக் காற்று வெட்டுக்கோடு என்கிறார்கள். வெப்பவலயத்தில் உண்மையான முகப்பு என்று ஒன்று இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட பெயர்மாற்றம் அது.

இவை எல்லாவற்றிலும் மழையைக் கொட்டும் இயந்திரம் மேற்காவுகை முகில். ஒரு சில கிலோமீற்றர் அகலமே கொண்ட அந்த முகிலை நூறு கிலோமீற்றர்க் கட்டம் காணாது. ஆகவே மாதிரியுருவை எழுதுகிறவர்கள், இத்தனை ஈரமும் இத்தனை வெப்பமும் இருந்தால் சராசரியாக இத்தனை மழை பெய்யும் என்று ஒரு மதிப்பீட்டு விதியை அதற்குள் வைக்கிறார்கள். அந்த விதியே இலேசான மழையை அடிக்கடி பெய்ய வைத்து, கனத்த மழையை அரிதாக்கி விடுகிறது. வானிலை அறிஞர்கள் இதைத் தூறல் நோய் என்ற பொருளில் கேலியாகக் குறிப்பிடுவதும் உண்டு. அயனத்திடை ஒருங்கல் வலயம் பசிபிக்கில் ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாகத் தெரிவதும் பல தலைமுறை மாதிரியுருக்களைத் தொடர்ந்து வரும் பழைய குறைபாடு.

அளவையும் நினைத்துப் பாருங்கள். நூறு கிலோமீற்றருக்கு நூறு கிலோமீற்றர் என்றால் ஒரு கட்டம் 10,000 சதுர கிலோமீற்றர். மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் 2,854 சதுர கிலோமீற்றர். இப்படி மூன்று மாவட்டங்களை ஒரே கட்டத்துக்குள் அடைக்கலாம். இலங்கைத் தீவு முழுவதும் ஏழு கட்டங்களுக்குள் அடங்கும். பிதுருதலாகலையின் 2,524 மீற்றர் உயரம் அந்தக் கட்டத்துக்குள் நசுங்கி ஒரு மேட்டுநிலமாகிவிடும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமும் ஒடுங்கிய அகலமும் கொண்ட எங்கள் வாவி அந்த உலகத்தில் இல்லவே இல்லை. வாவியே இல்லாத ஒரு படத்திலிருந்து வாவியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் தசமதான வேறுபாடு எடுத்துத் தந்தார்கள் என்றால், அதை விஞ்ஞானம் என்று நான் எப்படி எழுதுவது?

கட்டத்தைச் சிறிதாக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். தென் இங்கிலாந்துக்கு 1.5 கிலோமீற்றர்க் கட்டத்தில் காலநிலை மாதிரியுரு ஓட்டி 2014 இல் ஆய்வு வெளியிட்டார்கள். மணித்தியாலப் பெருமழையை அது முன்னையவற்றைவிடச் சிறப்பாகக் காட்டியது. அதற்கு வேண்டிய கணினி வலிமை பெரிது. அதைவிட, விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க நிலத்தில் நெருக்கமான மழைப்பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் கட்டத்தைச் சிறிதாக்கினால் படம் அழகாகும். உண்மை கூடாது.

இனி 2025 நவம்பரைப் பார்ப்போம். டித்வா சூறாவளி கிழக்குக் கரையை ஒட்டி நாட்டுக்குள் புகுந்து வடக்கே நகர்ந்தது. 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டோரே மிகுதி. அந்தப் பெயரை வைத்தது யேமன் நாடு. சொக்கோத்திரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர் அது. களப்பின் பெயரால் வந்த சூறாவளி, களப்பின் பெயரைத் தாங்கிய எங்கள் ஊரின் வழியாகவும் போனது.

அடுத்த மாதமே வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்னும் சர்வதேச ஆய்வுக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இலங்கைப் பிரதேசத்தில் ஐந்து நாட் பெருமழையின் கனம், உலகம் வெப்பமடைந்த இக்காலத்தில், அவதானிப்புத் தரவுகளின்படி 28 முதல் 160 சதவீதம் வரை கூடியிருப்பதாக அது கூறியது. 28 எங்கே, 160 எங்கே! எந்தத் தரவுத் தொகுதியை எடுப்பது என்பதைப் பொறுத்து இத்தனை இடைவெளி. மாதிரியுருக்களைக் கேட்டபோது அவை ஒத்த விடை தரவில்லை. ஆகவே காலநிலை மாற்றத்தின் பங்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் கூறுவதை அந்த விஞ்ஞானிகள் தவிர்த்துக்கொண்டார்கள். உலகின் முதல்தர ஆய்வாளர்கள் ஒரு தீவு முழுமைக்கும் சொல்லத் தயங்கிய எண்ணை, எங்கள் விடுதி மண்டபத்தில் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் இரண்டாந் தரப்பார் கைதட்டுவார்கள். "பார்த்தீர்களா, இவரே சொல்லிவிட்டார். மாதிரியுரு பிழை. காலநிலை மாற்றம் வெள்ளைக்காரன் கட்டிய கதை" என்பார்கள். அவசரப்பட வேண்டாம்.

வளியின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசால் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதத்தால் உயரும். இது கணினி சொன்ன சோதிடமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பௌதிகவியல் நிறுவிய விதி. கடும்மழை உலக அளவில் இதே வீதத்தை ஒட்டிக் கனக்கும் என்பதை ஐ.பி.சி.சி. 2021 ஆம் ஆண்டு அறிக்கையிலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. மாதிரியுரு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த விதி நிற்கும்.

அதைவிட முக்கியமானது, மாதிரியுரு எந்தப் பக்கம் பிழைக்கிறது என்பது. கனத்த மழையை அது மென்மையாகவே காட்டுகிறது. தராசு பிழையானது என்று மட்டும் தெரிந்தால் சந்தேகப்படலாம். அது எப்போதும் குறைத்தே நிறுக்கும் தராசு என்று தெரிந்த பின், மூட்டை அது காட்டியதைவிடப் பாரமானது என்று எடுத்துக்கொள்வதே புத்தி. மாதிரியுருவின் குறைபாட்டைச் சாட்டி அஞ்ச வேண்டாம் என்பவர், அந்தத் தராசைக் காட்டிச் சுமையே இல்லை என்று சாதிப்பவரை ஒத்தவர். அறியாமை எங்களுக்குச் சலுகை தரவில்லை. கூடுதல் எச்சரிக்கையைத்தான் கேட்கிறது.

இப்போது மூன்றாந் தரப்பு. இவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் இவர்களுக்குத் துணைபோனவர்களில் நானும் ஒருவன்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி சூறாவளி அடித்தபோது நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதத் தொடங்கி ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை. தென்னைகள் தலையற்று நின்ற கரையோரத்தை நடந்தே பார்த்தேன். 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன் 1957 டிசெம்பர் பெருவெள்ளத்தின் கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பின்னர் 2011 ஜனவரி வந்தது. வாரக்கணக்கில் பெய்த மழையில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்கள் மூழ்கின. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெப்ரவரியில் மீண்டும் வெள்ளம். போர் முடிந்து மீளக்குடியேறிய மக்கள் நம்பிக்கையோடு விதைத்த பெரும்போக வேளாண்மை, அறுவடைக்கு முன் அழுகியது.

அன்று நான் எழுதிய செய்தியின் தலைப்பில் "எதிர்பாராத மழை" என்ற சொற்கள் இருந்தன. அறிக்கையில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டேன். எவர் எதிர்பார்க்கவில்லை என்று கேட்கவில்லை. அவ்வாண்டு பசிபிக்கில் வலுவான லா நினா நிலவியது. எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை கூடுவதும், லா நினா ஆண்டுகளில் தை மாத மழை கூடுவதும் இந்நாட்டின் மழைப்பதிவில் ஏற்கெனவே தெரிந்திருந்தவை. எத்தனை மில்லிமீற்றர் என்பது தெரியாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாத ஆண்டு என்பது தெரியும். வான்கதவுகள் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டன, அறிவித்தல் எத்தனை மணிக்கு வட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, முகத்துவாரம் எந்த நாளில் வெட்டப்பட்டது என்பவற்றை நான் கேட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்தத் தலைப்பை இன்றும் என் கோவையில் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டு வாசகர்களுக்காக முகத்துவார விடயத்தைச் சற்று விளக்க வேண்டும். வாவி கடலோடு கலக்கும் வாய்களைக் கோடையில் அலைகள் மணலால் அடைத்துவிடும். மாரியில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் வான் பாய, படுவான்கரை வட்டைகளின் நீரெல்லாம் வாவிக்கு வந்து சேரும். மணல் அணையை வெட்டாவிட்டால் நீர் பின்வாங்கி வயல்களில் நிற்கும். ஆகவே வெட்டு என்பான் விவசாயி. அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறு என்பான் தோணிக்காரன். வெட்டிய பின் மழை நின்றுவிட்டால் உப்புநீர் பள்ளக்காணிகளில் ஏறும் என்பதும் உண்மை. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அது பத்துக் கோடி லீற்றர் நீர். எத்தனை சதுர கிலோமீற்றரின் நீர் இந்த ஒடுங்கிய வாயைத் தேடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், ஒரு நாள் தாமதத்தின் விலை விளங்கும். இந்த முடிவு நீர்மட்டத்தைப் பார்த்து, எல்லோரும் அறிந்த விதியின்படி எடுக்கப்பட வேண்டும். கூட்டமும் குரலும் செல்வாக்கும் பார்த்து எடுக்கப்படக் கூடாது.

கிரானுக்கும் புலிபாய்ந்தகல்லுக்கும் இடையிலான வீதி பெருமழை பெய்யும் ஆண்டெல்லாம் மூழ்குகிறது. அக்கரை மக்கள் படகுக்காகக் காத்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தப் படகில்தான் வைத்தியசாலைக்கு வரவேண்டும். இதை எதிர்பாராத மழை என்று சொல்ல ஒருவருக்கு எத்தனை துணிவு வேண்டும்? வாவிக்கரையை மண்போட்டு நிரப்பியவர், வடிகாலை மறித்து மதில் கட்டியவர், வீதியை உயர்த்திவிட்டு மதகை மறந்தவர் எல்லோருக்கும் இப்போது காலநிலை மாற்றம் என்ற ஒரு குடை கிடைத்திருக்கிறது. அந்தக் குடையின் கீழ் எல்லோரும் நனையாமல் நிற்கிறார்கள். நனைவது வேறு ஆட்கள்.

காலநிலை மாற்றம் உண்மை. அதனாலேயே இந்தச் சாட்டு இன்னும் கேவலமானது. மழை கனக்கப் போகிறது என்று தெரிந்தவன் மதகை அகலமாக்கியிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு மறுப்புச் சொன்னார். "நீங்கள் சொல்வது சரி. ஆனால் எண் இல்லாவிட்டால் நிதி வராது. உலக நிறுவனங்களின் படிவத்தில் எதிர்வுகூறல் என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் தெரியாது என்று எழுத முடியுமா?" என்றார். இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய மறுப்பல்ல. தெரியாது என்று எழுதச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுங்கள் என்கிறேன். கூடும் என்பது தெரியும். இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் இடையில் என்பது தெரியும். எங்கள் கருவி குறைத்தே காட்டும் என்பதும் தெரியும். மூன்றையும் எழுதி, ஆகவே பாலத்தை மேல் எல்லைக்குக் கட்டுகிறோம் என்று கேட்டால் நிதி தர மறுப்பவனின் பெயரை நாங்கள் பத்திரிகையில் போடலாம். பொய்த் தசமத்துக்கு வாங்கிய நிதியில் கட்டிய பாலம் உடைந்தால் அடுத்த தடவை உண்மைக்கும் நிதி கிடைக்காது.

ஆகவே நான் கேட்பவை நாலு.

முதலாவது, மழைமானி. மட்டக்களப்பு நகரின் மழைப்பதிவு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையானது. அது பெரும் செல்வம். ஆனால் வெள்ளம் பிறப்பது நகரில் அல்ல, மேற்கே உள்ள காடுகளிலும் குளங்களின் நீரேந்து நிலங்களிலும். ஒவ்வொரு குளக்கட்டிலும், ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு மழைமானி வைத்துக் காலையில் அளந்து எழுதுவதற்கு மீக்கணினி தேவையில்லை. ஒழுங்கான ஒரு மாணவன் போதும். நாளை எவரேனும் நுண்ணிய மாதிரியுரு ஓட்டினாலும் அதைச் சோதிக்க இந்தப் பதிவுதான் உரைகல்.

இரண்டாவது, பதிவுகளை இலவசமாகத் திறந்துவிடுங்கள். மக்கள் வரியில் அளந்த மழை மக்களுக்கே சொந்தம்.

மூன்றாவது, முகத்துவாரம் வெட்டும் விதி எழுத்தில் வேண்டும். இந்த நீர்மட்டம், இந்த நாள், இன்னார் பொறுப்பு என்று விவசாயியும் மீனவனும் ஒப்புக்கொண்ட விதி மாரிக்கு முன்னரே பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மீறியவர் காரணம் சொல்ல வேண்டும்.

நாலாவது, புதிதாகக் கட்டும் ஒவ்வொரு மதகும் பாலமும் எந்த மழையைத் தாங்கும் என்று அதன்மீதே பொறியுங்கள். திறந்துவைத்தவரின் பெயரைப் பளிங்கில் பொறிக்கத் தெரிந்தவர்களுக்கு இது கடினமல்ல. 2011 மழையைத் தாங்காது என்று தெரிந்தால், கட்ட முன்னரே மக்கள் கேள்வி கேட்பார்கள்.

இந்த நாலில் எதற்கும் மாதிரியுரு திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அது திருந்தட்டும். திருந்துவதற்காக உழைக்கும் விஞ்ஞானிகள்மீது எனக்கு மதிப்புண்டு. தங்கள் கருவியின் குறையை முதலில் வெளியே சொன்னவர்களே அவர்கள்தான். அந்தக் குறையை மறைத்து நிறமடித்த படமாக்கி எங்களிடம் கொண்டுவந்தவர்கள் இடைத்தரகர்கள்.

செயலமர்வு முடிந்து வெளியே வந்தபோது அந்த முதியவர் வாசலில் பேருந்துக்காக நின்றிருந்தார். கையில் அவர்கள் கொடுத்த வண்ணப் பிரசுரம் இருந்தது. "உங்கட ஊருக்கு எத்தனை போட்டிருக்கு, ஐயா?" என்று கேட்டேன். விரித்துப் பார்த்து, எழுத்துச் சின்னதாக இருக்கிறது, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். பிறகு கிழக்குப் பக்கம் வானத்தைப் பார்த்து, கொண்டல் வீசத் தொடங்கிவிட்டது, நாலைந்து நாளில் தொடங்கும் என்றார்.

ஆறாம் நாள் மழை தொடங்கியது. முகத்துவாரம் பற்றி அதுவரை எவரும் எதுவும் அறிவிக்கவில்லை.